கரையேற்றுப் பாட்டின் கடைசிச் சுரம்

எங்கள் தாழந்துறையில் ஒரு பாட்டு முடிகிற இடத்தில் முடியாமல் நின்றபோது, கரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கரை சேர முடியாமல் கடலில் நின்ற வள்ளங்களில் ஒன்றில் என் மகன் பெர்க்மான்ஸ் இருந்தான் என்பதையும், அந்த வள்ளங்களை உள்ளே அழைத்து வந்தது என் மகள் ஜெனோவாவின் கை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றவள் சொன்னால் பெருமைக்குச் சொல்கிறாள் என்பார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன், மாதா என்னை மன்னிக்கட்டும்.

தாழந்துறை என்றால் மேலத்தெரு, கீழத்தெரு, இரண்டுக்கும் நடுவில் மாதா கோயில், கோயிலுக்கு முன்னால் மணல், மணலுக்கு முன்னால் கடல், அவ்வளவுதான். திருவிழாவின் கடைசி நாளில் மாதாவின் சுரூபத்தைக் கடற்கரைக்குத் தூக்கிப்போய், வள்ளங்களையெல்லாம் மந்திரித்து, திரும்பவும் கோயிலுக்குள் கொண்டுவரும்வரை நாங்கள் பாடுவது கரையேற்றுப் பாட்டு. அந்த வருஷம் திருவிழா முடிந்து, கொடி இறக்கி, பந்தல் பிரித்து, மறுநாள் காலைப் பூசைக்கு நான் போகையில் அந்தப் பாட்டின் முதல் சுரம் கோயில் கூரைக்குச் சற்று மேலே நின்றுகொண்டிருந்தது. யாரும் பாடவில்லை, யாரும் வாசிக்கவில்லை, சங்கை ஊதி முடித்த பிறகும் காதுக்குள் கொஞ்ச நேரம் நிற்குமே, அது போல நின்றது, ஆனால் போகவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் அது அடுத்த சுரத்துக்கு நகர்ந்தது, அதற்கடுத்த நாள் அதற்கடுத்ததற்கு. ஒரு நாளைக்கு ஒரு சுரமாக எங்கள் ஊர் ஆகாயமே ஆற அமரக் கரையேற்றுப் பாட்டைப் பாடுகிறது என்று எங்களுக்கு விளங்குவதற்குள் முதல் அடி முடிந்து இரண்டாவது அடி தொடங்கியிருந்தது.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது, மழைக்காலத்துக்குப் பழகிக்கொள்வது போல. பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்புக்கு ஆர்மோனியத்தை எடுப்பதை நிறுத்தினார்கள். ஐஸ் கம்பெனி மோட்டாரின் உறுமல் அன்றைய சுரத்தோடு ஒட்டாத நாளில் பிள்ளைகள் அழுததால், கம்பெனிக்காரர் தினமும் காலையில் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு பெல்ட்டைத் தளர்த்தவோ இறுக்கவோ செய்தார். குழாயடியில் சண்டை போடுகிற பெண்கள் என்ன திட்டினாலும் அது சுதியோடு போய்ச் சேர்ந்து வாழ்த்துப் பாடுகிற மாதிரியே கேட்டதால், பாதித் திட்டில் அவர்களே சிரித்துக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கீழ்ச்சுரம் நிற்கிற நாளில் புளிக்குழம்பு நன்றாக வந்தது, மேல்சுரம் நிற்கிற நாளில் கருவாடு சீக்கிரம் காய்ந்தது. ஆயர் இருக்கிற மேற்றிராசனத்திலிருந்து விசாரிக்க வந்த பெரிய சாமியார் கோயில் வாசலில் நாற்காலி போட்டு அண்ணாந்து உட்கார்ந்திருந்தார், காப்பி குடித்தார், "சுதி சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிப் போனார். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜெனோவா வீட்டில் இருந்தாள். பனி பெய்கிற தேசத்தில் பல வருஷம் படித்துவிட்டு, லூட் என்கிற ஒரு நரம்பு வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கியிருந்தாள். பலாப்பழத்தைப் பாதியாகப் பிளந்தது போல முதுகு, நெஞ்சில் பூ வெட்டின ஒரு துவாரம், பின்பக்கமாக மடங்கின கழுத்து. சத்தம் மட்டும் கிடையாது. அடுத்த அறையில் மிக்ஸி ஓடினால் கேட்காது. எங்கள் தெருப் பெண்கள் வந்து கேட்டுவிட்டு, "ஏட்டி, இதுக்கா பிளேன் ஏறிப் போன" என்று போனார்கள். கீழத்தெருக் கஸ்பார், மீன் ஏலம் கூறுகிறவன், ஊர்க் கல்யாணங்களில் மாண்டலின் வாசிக்கிறவன், அவன் ஒருநாள் எங்கள் வேலியோரம் நின்று கேட்டுவிட்டு, "மக்கா, அந்த ஊர்ல எல்லாருக்கும் காது அவ்வளவு நல்லாயிருக்குமா" என்றான்.

"காது நல்லா இல்ல அண்ணே, வாய் சும்மா இருக்கும்" என்றாள் ஜெனோவா.

கஸ்பார் அன்றைக்குப் போனவன் மறுநாளும் வந்தான்.

என் வீட்டுக்காரர் எஸ்தாக்கி வள்ளம் கட்டுகிற ஓடாவி. அவர் அந்த லூட்டைக் கவிழ்த்துப் போட்டு, வளைத்து ஒட்டின ஒவ்வொரு பலகையையும் விரலால் தடவிப் பார்த்து, "இது வள்ளந்தான், உட்கார இடம் வைக்க மறந்துட்டானுவ" என்றார். மகள் கொண்டுவந்தது ஒன்றுதான், ஆனால் அவளுடைய பாடங்களெல்லாம் இரண்டு வாத்தியத்துக்கானவை என்று தெரிந்ததும், வள்ளத்துக்கு வாங்கி வைத்திருந்த அயினிப் பலகையில் மெல்லிசாகச் சீவி, நீராவி காட்டி வளைத்து, இன்னொன்றைச் செய்து முடித்தார். கம்பிக்குப் பதில் வலைக்கடையில் கிடைக்கிற தங்கூசி நரம்பைக் கட்டினார். அதுவும் பேசியது. கொஞ்சம் கட்டைக்குரல், அவரைப் போலவே.

"ரெண்டு எதுக்குடா மக்கா" என்று நான் கேட்டேன்.

"அம்மா, நானூறு ஐந்நூறு வருஷம் முன்னாடி அங்க இப்படித்தான் செஞ்சாங்க. கோயில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பாட்ட எடுத்துக்குவாங்க. ஒரு வாத்தியம் அதுல உள்ள சுரத்த ஒண்ணொண்ணா நீட்டி நீட்டி வாசிக்கும். அசையாது. அதுமேல இன்னொண்ணு ஓடும், குதிக்கும், சுத்தும். லத்தீன்ல அதுக்குப் பேரே உறுதியான பாட்டுன்னுதான்."

"நங்கூரம் போட்ட வள்ளம்" என்றார் அவள் அப்பா.

"அதேதாம்ப்பா. ஆனா பாதியில மாத்திக்கணும். நின்னது ஓடணும், ஓடினது வந்து நிக்கணும். ஒருத்தரையே நிக்க வச்சா அது கூலிக்கு நிக்கிற மாதிரி ஆயிரும்."

இங்கேயோ நிற்கிற வேலையை ஆகாயம் எடுத்துக்கொண்டுவிட்டது. அதனால் இரண்டு வாத்தியமும் ஓடலாம் என்று ஜெனோவாவுக்கு ஒரே சந்தோஷம். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அன்றைய சுரம் எது என்று வாசலில் நின்று கேட்பாள், பிறகு வள்ளக்கொட்டகையில் மரத்தூளுக்கு நடுவில் உட்கார்ந்து, அந்த ஒற்றைச் சுரத்துக்குக் கீழே எது நடக்கலாம், மேலே எது பறக்கலாம், எங்கே வந்து அதைத் தொடலாம், எங்கே தொடாமல் போகலாம் என்று எழுதிக் கோர்ப்பாள். சாயங்காலம் ஏலம் முடிந்து கஸ்பார் மீன்வாடை போக எலுமிச்சம்பழம் தேய்த்துக் கை கழுவிவிட்டு வருவான், என் வீட்டுக்காரர் செய்த லூட்டை அவன் எடுத்துக்கொள்ள இருவரும் வாசிப்பார்கள், கொட்டகைக்கு வெளியே ஆட்கள் மணலில் உட்கார்ந்து மூச்சை அடக்கிக் கேட்பார்கள். நிற்கிற சுரம் ஒன்றுதான். ஆனால் கீழே இவள் எதை வைக்கிறாளோ அதற்குத் தக்கபடி அது வீட்டுக்குக் கூரையாகும், தரையாகும், நடுச்சுவராகும். ஒருநாள் அதே சுரத்தை இவள் அழவைத்து, அழுத கண்ணோடு சிரிக்கவைத்தபோது, கீழத்தெருப் பாட்டுக்காரிகளுக்குத் தலைவி மெற்றில்டா, என்னிடம் கல்யாண வீட்டில்கூட முகம் கொடுத்துப் பேசாதவள், பக்கத்தில் இருந்த என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பிடித்தது தெரிந்து விட்டுவிட்டாள்.

இப்படியே நாள் போய், பாட்டு கடைசி அடிக்கு வந்து, கடைசிக்கு முந்தின சுரத்தில் நின்றது. மறுநாள் நகரவில்லை. அதற்கு மறுநாளும் நகரவில்லை.

அப்புறம் ஊரில் எதுவும் முடியவில்லை. கஸ்பார் "ஒருதரம், ரெண்டுதரம்" என்பான், மூன்றாவது தரம் நாக்கில் ஏறாது, திரும்பவும் ஒருதரம் என்பான், வியாபாரிகள் மீனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் கடைசி ஆணியை அடிப்பார், இன்னொரு ஆணி பாக்கி இருக்கும். சோறு ஒரு கொதி குறைவாகவே நின்றது, பல்லில் அரிசி தட்டத் தின்றோம். நான் செபமாலை சொன்னால் ஒரு மணி எப்போதும் மிச்சம். அதில் எனக்கு வருத்தமில்லை, முட்டிதான் வலித்தது. ஆனால் நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் வேட்டைக்குப் போயிருந்த வள்ளங்கள் திரும்பி வந்து, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றுவிட்டன. பெர்க்மான்ஸ் போனில் பேசினான்.

"அம்மா, கோயில் சிலுவை தெரியுது. நம்ம மாடியில காயிற துணி தெரியுது. எஞ்சின் ஓடுது, தண்ணி பின்னால போகுது. வள்ளம் வந்துக்கிட்டேதான் இருக்கு. ஆனா வந்து சேரல."

"டீசல் இருக்கா மக்கா?"

"தீர மாட்டேங்குதும்மா. அதான் பயமா இருக்கு."

இரண்டு தெருப் பிள்ளைகளும் அந்த வள்ளங்களில் இருந்தார்கள். தெற்கே கடலில் புயல் சின்னம் உருவாகி நம் பக்கம் திரும்புகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். அது எங்கள் ஊர்ச் சுரத்துக்குக் கட்டுப்பட்டதில்லை, அது வந்துகொண்டிருந்தது, வந்து சேரவும் செய்யும்.

ஜெனோவா என்னிடம் வந்து, "அடுத்த சுரம் என்னம்மா, பாடு" என்றாள். நான் பாடினேன். நின்ற சுரத்திலிருந்து ஒரு படி மேலே ஏறி முடித்தேன், என் அம்மா முடித்தது போல, மேலத்தெரு முழுக்க முடிக்கிறது போல.

கொட்டகை வாசலில் இருந்த கஸ்பார் சிரித்தான். "மைனி, அது உங்க தெரு முடிவு. மாதா கரைக்கு இறங்குறா. இறங்குற பாட்டு ஏறுமா? கீழதான் வரணும்" என்று ஒரு படி கீழே இறங்கி முடித்தான்.

"மாதா கோயில் படி ஏறுறா. ஏறுற பாட்டு இறங்குமா?" என்றேன் நான்.

"அப்போ திருவிழால ரெண்டும் சேர்ந்தா பாடுவீங்க?" என்று ஜெனோவா கேட்டாள்.

சேர்ந்துதான் பாடுவோம், ஆனால் கேட்டதில்லை. எங்கள் தாத்தா காலத்துக்கும் முன்னால் இந்தக் கடைசிச் சுரத்துக்காகக் கோயில் வாசலில் மண்டை உடைந்து ரத்தம் சிந்தியிருக்கிறது. அப்போதிருந்த பங்குச்சாமியார் ஒரு ஏற்பாடு செய்தார்: கடைசிச் சொல் வரும்போது கோயில்பிள்ளை பெரிய மணியை அடிக்க வேண்டும், ஓங்கி, நிறுத்தாமல், பாட்டு முடிந்து எல்லோரும் வாயை மூடும்வரை. அன்றிலிருந்து மேலத்தெரு ஏறுவதைக் கீழத்தெரு கேட்டதில்லை, கீழத்தெரு இறங்குவதை மேலத்தெரு கேட்டதில்லை. மணிதான் முடிவு என்று வைத்துச் சமாதானமாக இருந்தோம்.

"ஆகாயம் நம்மகிட்ட கேட்டுத்தான் பாட்டப் படிச்சிருக்கு" என்றாள் ஜெனோவா. "கடைசிச் சுரம் அதுக்குக் கேட்டதே இல்லையே. அது என்ன செய்யும்?"

அந்தப் பேச்சு தெருவுக்குப் போன வேகத்தில் ஆட்கள் கோயிலுக்கு வந்துவிட்டார்கள். மேலத்தெரு வடக்கு வாசலில் நின்று சுரத்தை மேலே தூக்கப் பாடியது, கீழத்தெரு தெற்கு வாசலில் நின்று அதைக் கீழே இழுக்கப் பாடியது, கோயில்பிள்ளை பழக்கத்தில் ஓடிப்போய் மணியை அடித்தார். சுரம் அசையவில்லை. "உங்களாலதான் நிக்குது" என்று மெற்றில்டா கத்தினாள். "உன் மவன் மட்டுமா கடல்ல நிக்கான், எம்மவனுந்தான் நிக்கான்" என்று நானும் கத்தினேன். கத்திவிட்டு இருவரும் கடலைப் பார்த்தோம். வள்ளங்களுக்குப் பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

ஜெனோவா அங்கே நிற்கவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடியாது என்பதால் எழுதியவரைக்கும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கோயிலுக்கு முன்னால் மணலில், இரண்டு தெருவுக்கும் சரி நடுவில் இரண்டு ஸ்டூலைப் போட்டாள். கஸ்பாரை உட்கார வைத்தாள்.

"நான் இறங்குறேன் அண்ணே. நீங்க ஏறுங்க."

கஸ்பார் லூட்டைக் கீழே வைத்தான். "நான் மேலத்தெரு முடிவ வாசிக்கணுமா? எங்கப்பன் கல்லறையிலருந்து எழும்பி வந்து வாயிலயே போடுவாரு. நான் இறங்குறேன், நீ ஏறு. அதுதான் முறை."

"நம்ம முடிவ நாம வாசிச்சா அடிச்சுத்தான் வாசிப்போம்" என்றாள் அவள். "அடுத்த வீட்டுப் பிள்ளையத் தூக்கும்போது கை எப்படி இருக்கும்? கழுத்து நோகாம, தவறிடாம, அந்த அம்மா பாக்குறாளேன்னு தூக்குவோம்ல. அப்படி வாசிக்கணும். அதுக்குத்தான் மாத்திக்கச் சொல்றேன்."

கஸ்பார் கடலைப் பார்த்தான். பிறகு மெற்றில்டாவைப் பார்த்தான். அவள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "வாசிலே" என்றாள். "எம்மவன் வந்து சேரட்டும். உங்கப்பன் வந்தா நான் பேசிக்கிடுதேன்."

அந்த வாத்தியத்துக்குச் சத்தம் கிடையாது என்று சொன்னேன் அல்லவா. அதனால் ஊர் சத்தத்தை நிறுத்த வேண்டியிருந்தது. ஐஸ் கம்பெனி மோட்டாரை நிறுத்தினார்கள், டீக்கடை ரேடியோவை நிறுத்தினார்கள், கைக்குழந்தைக்காரிகள் பால் கொடுத்தார்கள், நாய்களை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்கள், இருமல் உள்ளவர்கள் வாயில் பனங்கற்கண்டைப் போட்டுக்கொண்டார்கள். நான் கோயிலுக்குள் போய் மணிக்கயிற்றை என் இரண்டு கையாலும் பிடித்து மார்போடு சேர்த்துக்கொண்டேன், கோயில்பிள்ளை நல்ல மனுஷன்தான், ஆனால் பழக்கம் மனுஷனைவிடப் பெரியது. அவர் என் எதிரே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கயிறு என் கைக்குள் துடித்தது போலிருந்தது. அருள் நிறைந்த மரியே என்று மனசுக்குள் சொன்னேன், உதடு அசையவில்லை.

அவர்கள் பாட்டை முதலிலிருந்து வாசித்தார்கள். ஆகாயம் இத்தனை நாளாக ஒவ்வொன்றாகச் சொன்ன சுரங்களை ஜெனோவா நீட்டி நீட்டி வைத்தாள், கஸ்பார் அதன்மேல் ஓடினான், அவன் பிறந்ததிலிருந்து பார்த்த கடலெல்லாம் அந்த ஓட்டத்தில் இருந்தது. பாதியில் அவன் வந்து நின்றான், இவள் ஓடினாள். கதவு வழியாக என் மகளின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது, குனிந்த முதுகு, அவள் அப்பா பலகைக்கு மேல் குனிகிற அதே குனிவு. அவள் விரலில் நான் பெற்ற எதுவும் இல்லை, நான் கொடுத்ததும் இல்லை, அது அவளே சம்பாதித்தது. கடைசி அடி வந்தது. இரண்டு பேரும் ஆகாயத்தில் நின்ற அந்தச் சுரத்தில் வந்து சேர்ந்து, அதோடு சேர்ந்து நின்றார்கள், மூன்றும் ஒன்றாக, கொஞ்ச நேரம், அவசரமில்லாமல். பிறகு ஜெனோவா ஒரு படி கீழே இறங்கினாள், கீழத்தெருக்காரி போல. அதே நொடியில் கஸ்பார் ஒரு படி மேலே ஏறினான், கண்ணை மூடிக்கொண்டு, தொட்டிலில் பிள்ளையைப் போடுகிறவன் போல.

மணி அடிக்கவில்லை. அந்த இரண்டு சுரமும் ஒன்றையொன்று இடிக்கவில்லை. வீட்டுக்குள் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருப்பது போல, நடுவில் ஒரு இடம் விட்டு, ஒன்றாக உட்கார்ந்தன. இத்தனை தலைமுறையாக நாங்கள் பாடியதும் அதுதான். முடிந்த பாட்டு இவ்வளவு அழகாக இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தலைக்கு மேலே நின்ற சுரம் கேட்டது, யோசித்தது என்றுகூடச் சொல்லலாம், பிறகு தேங்காயை உடைத்தது போலச் சரிபாதியாகப் பிரிந்து, ஒன்று ஏறி மேலத்தெருவின் மேல் நின்றது, ஒன்று இறங்கிக் கீழத்தெருவின் மேல் நின்றது. இரண்டும் சேர்ந்து ஒரே பாட்டாய் முழங்கி, மெல்லத் தேய்ந்து, கடல் சத்தம் தெரிகிற அளவுக்கு அடங்கிப் போயின.

நான் கயிற்றை விட்டேன். உள்ளங்கையில் தோல் வழன்றிருந்தது.

வள்ளங்கள் வந்தன. எல்லாம் சேர்ந்து, ஒன்றை ஒன்று முந்தாமல், காற்று வலுப்பதற்கு முன்னால் வந்து மணலில் மூக்கை வைத்தன. பிள்ளைகள் குதித்து இறங்கினார்கள், தாய்மார் அடித்தார்கள், அழுதார்கள், உச்சி முகர்ந்தார்கள். மெற்றில்டா தன் மகனை விட்டுவிட்டு வந்து பெர்க்மான்ஸின் தலையைத் தடவினாள், நான் அவள் மகனின் தலையைத் தடவினேன். மழை பிடிப்பதற்குள் மீனை இறக்க வேண்டுமென்று எல்லோரும் ஓடினார்கள்.

மழை விட்ட மறுநாள் காலை பங்கு பிரித்தார்கள். எங்கள் கரையில் பிடித்த மீனைப் பங்கு வைக்கும்போது, வள்ளச் சொந்தக்காரர்களில் மூத்த சம்மாட்டி ஒவ்வொரு பங்கையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வள்ளத்துக்கு என்பார், எஞ்சினுக்கு என்பார், வலைக்கு என்பார், மாதாவுக்கு என்பார், பிறகு தொழிலுக்குப் போன ஆண்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வார். கரைக்கு வந்து வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு எல்லாப் பெயரும் சொல்லி முடித்த பிறகும் மணலில் ஒரு குவியல் மிச்சம் இருந்தது, நல்ல வாவல் மீன், வேறு ஒன்றும் கலக்காதது. சம்மாட்டி இடுப்பில் கை வைத்து நின்றார். கீழத்தெரு ஆண்களையும் பார்த்தார், மேலத்தெரு ஆண்களையும் பார்த்தார். 

"எஸ்தாக்கி ஓடாவி மவ ஜெனோவாவுக்கு" என்றார்.

அந்தக் கரையில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிப் பங்கு வைத்தது அதுதான் முதல் தடவை.

பெயர் சொன்னபோது அவள் அங்கே இல்லை, வீட்டில் பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மீனை அள்ளப் பெட்டி எடுத்து வர யாருக்கும் தோன்றவில்லை. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவில் போய், புதுச் சேலை என்றும் பார்க்காமல், முந்தானையை அகலமாக விரித்துப் பிடித்தேன்.